சிற்றலையில் யார் இடம் எது: புதியவர்கள் இடறும் இடங்கள்

பழைய டைரியில் சென்னை வானொலிக்கு 'சென்னை, 41 மீட்டர், 7160' என்று குறித்து வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. இப்போது அங்கே திருப்பினால் ஹாம்காரர்கள், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்கள், பேசிக்கொண்டிருப்பார்கள். 7100 முதல் 7200 கிலோஹெர்ட்ஸ் வரை முன்பு நம் பக்கத்தில் ஒலிபரப்புக்கு உரியது. 2003-இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு அதை ஹாம்களுக்கு ஒதுக்கியது. 2009 மார்ச் 29 முதல் நடைமுறைக்கு வந்தது. சென்னை 7380-க்குக் குடிபெயர்ந்தது. தேதி பார்க்காமல் அலைவரிசைப் பட்டியலை நம்பினால் இப்படித்தான்.

அதைவிடப் பொல்லாதது அமெரிக்கப் பட்டியல். இணையத்தில் தேடினால் பெரும்பாலும் அதுதான் கையில் சிக்கும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் உலகை மூன்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது: ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் முதலாவது, அமெரிக்கக் கண்டங்கள் இரண்டாவது, இந்தியாவும் இலங்கையும் மூன்றாவதில். 7200–7300 அமெரிக்காவில் ஹாம்களுடையது. இங்கே ஒலிபரப்பு நிலையங்களுடையது. உரிமம் கையில் இருந்தாலும் இந்திய ஹாம் ஒருவர் 7250-இல் மைக்கை அழுத்தினால் அது விதிமீறல்தான். மண்டலம் அனுமதித்ததை நாடு முழுசாகத் தராமலும் போகலாம். அதனால் கடைசியில் பார்க்க வேண்டியது நம் தேசிய அலைவரிசை ஒதுக்கீட்டுத் திட்டத்தை.

60 மீட்டரும் இடத்தைப் பொறுத்ததுதான். இடிமின்னல் இரைச்சல் மத்திய அலையைக் கெடுத்துவிடும் என்பதால் வெப்பமண்டல நாடுகளின் ஒலிபரப்புக்கென்றே விட்ட இடம் அது. சென்னை இரவில் ஒலித்த 4920 அங்கேதான் இருந்தது. நடுவே 5000-இல் 'டிக் டிக்' என்று கேட்டால் அது நேரம் சொல்லும் நிலையம், கோளாறு அல்ல.

மீட்டர் கணக்கிலும் குழப்பம் உண்டு. 300-ஐ மெகாஹெர்ட்சால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். ஆனால் '31 மீட்டர்' ஒரு புள்ளியல்ல, 9400 முதல் 9900 வரையுள்ள ஒரு தெரு. ஹாம்களின் 40 மீட்டரும் நேயர்களின் 41 மீட்டரும் அடுத்தடுத்த வீடுகள்.

பலரும் இடறுவது 'காலி இடம்' விஷயத்தில். 49 மீட்டர் 6200-இல் முடிகிறது. அதற்கு மேல் 6525 வரை கப்பல்கள், பிறகு 6765 வரை விமானங்கள். 6215 மணிக்கணக்கில் மௌனமாக இருக்கும். ஆனால் அது கடலில் ஆபத்து வந்தால் குரல் கொடுக்க வைத்திருக்கும் அலைவரிசை. சத்தமில்லை என்பதற்காக அங்கே யாரும் சோதனை ஒலிபரப்பு செய்துவிடக் கூடாது. கப்பல்காரர்களும் விமானக்காரர்களும் பேசுவது ஒற்றைப் பக்கப் பட்டை (எஸ்எஸ்பி) முறையில். சாதாரண ஏஎம் ரிசீவரில் வாத்து கத்துவதுபோல் கேட்கும். எஸ்எஸ்பி வசதி உள்ள ரிசீவரில்தான் வார்த்தை புரியும்.

ஒலிபரப்பு நிலையங்களுக்குள்ளும் நிரந்தரப் பட்டா கிடையாது. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் உலகம் முழுக்க அட்டவணை மாறுகிறது. அடுத்த நாள் வழக்கமான நிலையம் காணாமல் போனால் ரேடியோவைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல், முதலில் புது அட்டவணையைப் பாருங்கள்.