கட்டைவிரல் நகத்தோடு 11 மாதம்

வலது கால் கட்டைவிரல் நகம் மஞ்சளாகித் தடித்தபோது, ஷூ இடித்ததால்தான் என்று நினைத்தேன். மஞ்சள் பற்று, வேப்பெண்ணெய், ஒன்றும் கேட்கவில்லை. நகத்தடியில் சுண்ணாம்புத் தூள் மாதிரி உதிர ஆரம்பித்ததும் தோல் டாக்டரிடம் போனேன். சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பி, பூஞ்சைதான் என்று உறுதிசெய்தார். வேர் வரை பரவாததால் மாத்திரை வேண்டாம், அமோரால்ஃபின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து 5 சதவீதம் கலந்த லாக்கர், அதாவது நகத்தில் பூசும் மருந்துப் பூச்சு, போதும் என்றார்.

ஞாயிறு இரவு அதற்கென்றே ஒதுக்கினேன். அரத்தால் நகத்தின் மேல்பரப்பைத் தேய்த்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, மெல்லிசாக ஒரு பூச்சு. காயும் வரை கால் நீட்டி உட்கார வேண்டும். அந்த அரம் வேறு எந்த நகத்திலும் படக்கூடாது. ஒருமுறை குளியலறையில் விட்டுவிட்டு, மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மூன்று மாதம் மாற்றமே தெரியவில்லை. விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. கால் நகம் மாதத்துக்குச் சுமார் 1.5 மி.மீ.தான் வளரும். கெட்ட நகத்தை லாக்கர் சரிசெய்யாது. புது நகம் முளைத்து வரும்வரை பூஞ்சையை அண்டவிடாது, அவ்வளவுதான். நாலாவது மாதம் அடியில் பிறைபோல இளஞ்சிவப்பாக ஒரு கீற்று. முழுதாக மாற 11 மாதம் ஆனது.

பழைய ஷூவை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டேன்.