புதிய நாவலை அறிமுகம் செய்வது எப்படி: வரலாற்றுக் கதைக்கும் காதல் கதைக்கும்

நூலக வாசகர் வட்டத்தில் பேசலாம், பத்திரிகைக்கு எழுதலாம், நாலு பேருக்கு வாட்ஸப்பில் அனுப்பலாம். எங்கே செய்தாலும் ஒரு புதிய நாவலை அறிமுகம் செய்கிறவரிடம் வாசகர் எதிர்பார்ப்பது ஒரே பதில்தான்: இது எனக்கான புத்தகமா, இல்லையா? ‘விறுவிறுப்பாகப் போகிறது’, ‘கீழே வைக்க மனமில்லை’, ‘கண்கலங்க வைத்தது’ என்பவை அதற்குப் பதிலாகா. அவற்றை எந்த நாவலுக்கும் எழுதிவிடலாம். பத்துப் பேரில் மூன்று பேர் ‘இது எனக்கு வேண்டாம்’ என்று தெளிவாக விலகிப்போனால் அறிமுகம் சரியாக அமைந்திருக்கிறது என்று பொருள். மீதி ஏழு பேர் தெரிந்துதான் எடுக்கிறார்கள்.

முதலில் வாசிப்பு. நாவலை இரண்டு தடவை படிக்கவேண்டும். முதல் தடவை நோட்டு வேண்டாம், பென்சில் மட்டும் போதும். அலுத்துப்போய்ப் புத்தகத்தை மூடிய இடம், தூக்கம் கெட்டுப் படித்த இடம், இந்த இரண்டின் பக்க எண்ணையும் பின்னட்டை உட்புறத்தில் குறித்துவையுங்கள். நாவலின் வேகத்தைப் பற்றி நீங்கள் பின்னால் எழுதப்போகும் எல்லாமே இந்த எண்களிலிருந்துதான் வரும். ‘முதல் 60 பக்கம் மெதுவாகப் போகும், அதற்குப் பிறகு ஓடும்’ என்று தெரிந்தால் வாசகர் பொறுத்துக்கொள்வார். தெரியாமல் போனால் 40ஆம் பக்கத்தில் கைவிடுவார். இரண்டாம் தடவை நோட்டோடு உட்காருங்கள். யார் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எங்கே சந்தேகம் என்று நாலு நெடுவரிசை போட்டுக்கொண்டு பக்க எண்ணோடு எழுதுங்கள்.

கதையை எதுவரை சொல்லலாம் என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். 400 பக்க நாவலென்றால் 80ஆம் பக்கத்துக்கு அப்பால் நடப்பது எதையும் சொல்லக்கூடாது. பல பாகம் உள்ள நாவலுக்கு முதல் பாகத்தின் பாதியே எல்லை. பின்னட்டைக் குறிப்பை அப்படியே எடுத்துப் போடுவது இதனால்தான் ஆபத்து. விற்பனைக்காக எழுதப்பட்ட அந்தக் குறிப்பு நடுக்கதைத் திருப்பத்தையே சொல்லிவிட்டிருக்கும். ‘கடைசியில் ஒரு பெரிய அதிர்ச்சி காத்திருக்கிறது’ என்றும் எழுதவேண்டாம். அந்த ஒரு வரி போதும், வாசகர் கதையை விட்டுவிட்டு அதிர்ச்சியைத் தேடிக்கொண்டே பக்கம் புரட்டுவார்.

தொடராக வந்து பிறகு நூலானது என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். வார இதழானாலும் இணையத்தில் ‘எபி’ (எபிசோடு) கணக்கில் போட்டதானாலும், தொடருக்கென்று ஓர் உடல்வாகு உண்டு. ஒவ்வொரு அத்தியாயமும் கொக்கியில் முடியும். போன வாரம் நடந்தது அடுத்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் திரும்ப வரும். ஒரே மூச்சில் படிப்பவருக்கு அது இழுவையாகத் தெரியும். ‘நாளுக்கு இரண்டு மூன்று அத்தியாயமாகப் படியுங்கள்’ என்று ஒரு வரி சேர்த்தால் பாதிக் குறை தீர்ந்துவிடும்.

வரலாற்று நாவலுக்கு

‘இன்னொரு பொன்னியின் செல்வன்’ என்று மட்டும் எழுதாதீர்கள். அது 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்து ஐந்து பாகமான நாவல். அதன் நடை அந்தக் காலத்து வார வாசகருக்கானது. இன்று எழுதுகிறவர் 250 பக்கத்தில், ஒரே ஊரில், ஒரு நெசவாளியையோ தேவரடியாரையோ நடுவில் வைத்து எழுதியிருக்கலாம். அந்த ஒப்பீட்டை நம்பிக் குதிரையையும் சதியையும் எதிர்பார்த்து வரும் வாசகர் ஏமாறுவார். ஏமாற்றத்தின் பழி எழுத்தாளர்மேல் விழும். அரண்மனைக் கதையா, போர்க்களக் கதையா, கடல் வணிகமா, கோயிலும் ஊர்ச்சபையுமா, சாதாரண மக்களின் வாழ்க்கையா என்று சொல்லிவிட்டாலே ஒப்பீடு தேவைப்படாது.

அடுத்தது, நாவலில் வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்பது. இதில் மூன்று அடுக்கு உண்டு: சான்றில் உள்ளது, ஆய்வாளர் ஊகித்தது, எழுத்தாளர் படைத்தது. ராஜராஜ சோழனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையைத் தொடும் நாவல் ஒன்று கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய சகோதரர்களைப் பெயர் சொல்கிறது. அவர்களும் உறவினரும் உடைமைகளை இழந்ததையும் சொல்கிறது. இது முதல் அடுக்கு. யார் தூண்டினார்கள், எதற்காக என்று கல்வெட்டு வாய் திறக்கவில்லை. ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழனுக்குப் பங்கு உண்டா என்பது ஆய்வாளர்களின் வாதம், இரண்டாம் அடுக்கு. அன்றிரவு அறைக்குள் யார் விளக்கை அணைத்தார் என்பது மூன்றாவது. நாவலாசிரியர் எந்த அடுக்கில் நின்று எழுதியிருக்கிறார் என்று இரண்டு வரி எழுதினால், நாவலை வரலாற்றுப் பாடமாக நினைத்துச் சண்டை பிடிக்கும் வாசகரும் அமைதியாகிவிடுவார். மூன்றாம் அடுக்கைக் குறையாகச் சொல்லவேண்டியதில்லை. பொன்னியின் செல்வனின் நாயகன் வந்தியதேவரைத் தஞ்சைக் கல்வெட்டு ராஜராஜனின் அக்கா குந்தவையின் கணவராகப் பெயர் சுட்டுவதோடு சரி. அந்தச் சிறு குறிப்புக்கு உயிரும் குறும்பும் கொடுக்க ஒரு நாவலாசிரியர் வேண்டியிருந்தது.

கல்வெட்டிலும் பழைய நூலிலும் வரும் ஆண்டுகளைச் சரிபார்க்கும் கணக்கு எளிதுதான். சக ஆண்டோடு 78 கூட்டினால் கி.பி. ஆண்டு வரும். கலியாண்டிலிருந்து 3101 கழிக்கவேண்டும். கொல்லம் ஆண்டோடு 825 கூட்டவேண்டும். மாதத்தைப் பொறுத்து ஓர் ஆண்டு முன்பின் ஆகும். தவறு நேர்வது ஆட்சியாண்டில்தான். ஆட்சிக்கு வந்த ஆண்டே முதலாண்டு. ராஜராஜன் ஆட்சிக்கு வந்தது 985 என்றால், 2ஆம் ஆட்சியாண்டு 986-87. 985உடன் 2 கூட்டக்கூடாது. சந்தேகமான இடங்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் சோழர் வரலாறும் கல்வெட்டுத் தொகுதிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன.

காலப்பிழைகளைப் பெரும்பாலும் சமையலறையில் பிடிக்கலாம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, பப்பாளி, கொய்யா, புகையிலை எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. 1500க்கு முந்தைய தமிழ்நாட்டில் அவை இல்லை. பத்தாம் நூற்றாண்டுச் சோழநாட்டு விருந்தில் காரம் இருந்தால் அது மிளகுக் காரமாகத்தான் இருக்கவேண்டும். 970இல் நடக்கும் கதையில் யாரும் தஞ்சைப் பெரிய கோயிலை அண்ணாந்து பார்க்க முடியாது. அது நிறைவுற்றது 1010இல். நாழிகை என்றால் 24 நிமிடம், ஒரு நாளுக்கு 60 நாழிகை. ‘பத்து நாழிகை மூச்சடக்கி நீருக்குள் இருந்தான்’ என்று வந்தால் நாலு மணி நேரம் என்று கணக்காகிறது!

இப்படி ஒரு பிழை கண்ணில் பட்டதும் நாவலையே தள்ளிவிடாதீர்கள். ஓர் ஓரக் காட்சியில் மிளகாய் வந்துவிட்டால் அறிமுகத்தில் அதைச் சொல்லவே வேண்டாம், பதிப்பகத்துக்கு எழுதிப்போட்டால் அடுத்த பதிப்பில் திருத்துவார்கள். கதையின் முடிச்சே பீரங்கியில் தொங்குகிறது, கதை நடப்பதோ பத்தாம் நூற்றாண்டு என்றால் சொல்லியாகவேண்டும்.

புதிய வாசகரை வரலாற்று நாவலிலிருந்து விரட்டுவது பெரும்பாலும் நடையல்ல, பெயர்கள். சுந்தர சோழர்தான் இரண்டாம் பராந்தகர், அருள்மொழிதான் ராஜராஜன், போதாததற்கு ராஜகேசரி, பரகேசரி என்று மாறிமாறி வரும் பட்டப்பெயர். அறிமுகத்தோடு அரைப்பக்கப் பெயர்த்தாள் ஒன்று கொடுங்கள். எட்டுப் பெயருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் நாவலில் அதிகம் வரும் பெயர், மாற்றுப் பெயர், உறவு, இவ்வளவு போதும். வாதாபி இன்றைய கர்நாடகத்துப் பாதாமி, கடாரம் மலேசியாவின் கெடா என்பதுபோல் மூன்று நாலு ஊர்ப்பெயரும் சேர்க்கலாம். எச்சரிக்கை ஒன்று உண்டு. வரலாற்று நூலில் உள்ள வம்சாவளியை அப்படியே படியெடுக்காதீர்கள். யார் எந்த ஆண்டு இறந்தார், யார் யாரை மணந்தார், யார் அரியணை ஏறினார் எல்லாம் அதில் இருக்கும், கதையே உடைந்துபோகும். கதை தொடங்கும் நாளில் யார் உயிரோடு இருக்கிறார்கள், அன்று என்ன உறவு, அந்த நிலவரத்தை மட்டும் எழுதுங்கள்.

காதல் நாவலுக்கு

இங்கே கதைச்சுருக்கம் கிட்டத்தட்டப் பயனற்றது. இருவர் சந்திப்பார்கள், தடை வரும், என்பது எல்லாவற்றுக்கும் பொது. எந்தத் தடை, எந்த மனநிலை நாவலில் நீண்ட இடம் பிடிக்கிறது என்பதுதான் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிக்கிறது. இதைச் சொல்ல நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டு அனுபவமுள்ள கருவி இருக்கிறது: அகத்திணை. குறிஞ்சி கூடல், முல்லை காத்திருத்தல், மருதம் ஊடல், நெய்தல் இரங்கல், பாலை பிரிவு. புதிய நாவலை மூடியதும் எந்தத் திணையில் அதிகப் பக்கம் போயிற்று என்று கேட்டுப்பாருங்கள். கல்யாணத்துக்குப் பிறகு தொடங்கி முட்டலும் முறைப்புமாக நகரும் குடும்ப நாவல் அசல் மருதம். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போனவனுக்காகப் பெண் வீட்டில் இருப்பது முல்லை; அவன் வருவானா என்றே தெரியாமல் உருகினால் நெய்தல். ‘300 பக்கத்தில் 200 பக்கம் ஊடல், சிரித்துப் படிக்கலாம்’ என்று எழுதினால், பிரிவுத்துயர் தாங்காத வாசகருக்கு உடனே புரிந்துவிடும்.

காதல் நாவல் படிப்பவர்கள் வெளிப்படையாகக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. முடிவு சுபமா? நாயகன் ஆன்டி ஹீரோவா? கட்டாயக் கல்யாணமா, ஒப்பந்தக் கல்யாணமா, மறுமணமா? அந்தரங்கக் காட்சிகள் எந்த அளவு? முதல் கேள்விக்குப் பதில் சொல்வது கதையை உடைப்பதாகாது. எப்படி முடிகிறது என்பதைச் சொல்லாமல், சுபம் என்று மட்டும் சொல்லலாம். சோகமென்றால் ‘மனம் கனக்கும் முடிவு’ என்று சொல்லிவிடுவது நியாயம். காட்சிகளைப் பற்றிக் கூச்சப்படாமல் ஒரு வரி எழுதுங்கள்: கதவு சாத்தியதோடு அத்தியாயம் முடிகிறதா, விரிவாக வருகிறதா? பள்ளி மாணவிக்குப் புத்தகம் எடுக்க வரும் தாய்க்கு அந்த ஒரு வரி தேவை.

ஒன்றை மறைக்கவே கூடாது. நாயகன் நாயகியை அடிக்கிறான், அவள் சம்மதமில்லாமல் நெருங்குகிறான், பிறகு அதுவே காதலாக மாறுகிறது என்று நாவல் போனால், அதை ‘முரட்டுக் காதல்’ என்று அழகுபடுத்தாதீர்கள். வீட்டில் அடி வாங்கிய பெண் ஒருத்தி உங்கள் பேச்சைக் கேட்டு அந்தப் புத்தகத்தை இரவில் பிரிக்கக்கூடும். ‘வன்முறையும் சம்மதமில்லாத உறவும் வருகின்றன’ என்று முதல் பத்தியிலேயே எழுதுங்கள். படிப்பதா வேண்டாமா என்பதை அவள் முடிவுசெய்யட்டும்.

எழுதும்போதும் நேரில் பேசும்போதும்

எழுதுவதானால் 350 சொற்களுக்குள் முடியுங்கள். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பதிப்பாண்டு, பக்கம், விலை ஆகியவை கடைசியில் ஒரே வரியில். எழுத்தாளர் உங்கள் நண்பர், அல்லது நூல் இலவசமாக வந்தது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். நேரில் பேசுவதற்கு ஐந்து நிமிடம் தாராளம். அதில் பாதியை நாவலையே வாசித்துக்காட்ட ஒதுக்கலாம். நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சொற்கள் போகும், ஆகவே 250 சொற்கள் போதும். முதல் பக்கத்தை எடுக்காதீர்கள். வரலாற்று நாவலின் முதல் பக்கம் பெரும்பாலும் ஆறும் மாலைவெயிலுமாக இருக்கும். 20ஆம் பக்கத்துக்கும் 60ஆம் பக்கத்துக்கும் நடுவில், இரண்டே பேர் பேசும் காட்சியைத் தேடுங்கள். வீட்டில் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பழகுங்கள். வல்லவரையன் என்ற பெயரில் நாக்கு தடுக்கினால் காட்சியே போய்விடும். முழு அத்தியாயத்தையும் படம் பிடித்துக் குழுவில் போடுவது, பிடிஎஃப் அனுப்புவது இரண்டும் கூடாது. இந்தியாவில் பதிப்புரிமை எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை நீடிக்கிறது. உயிரோடிருக்கும் புதிய எழுத்தாளருக்கு ஒவ்வொரு பிரதியும் வருமானம்.

தனியாக ஒருவர் ‘எனக்கு ஏதாவது சொல்லுங்களேன்’ என்று வந்தால், அவர் கடைசியாக முழுசாகப் படித்து முடித்த நாவலையும் பாதியில் விட்டதையும் கேளுங்கள். விட்டது எந்த இடத்தில் என்பதுதான் அதிகம் சொல்லும். போர் வியூகத்தில் விட்டவருக்குக் காதல் முன்னே நிற்கும் வரலாற்று நாவலைக் கொடுக்கலாம். காதல் கதை என்றாலே முகம் சுளிப்பவருக்கு, தொழிலோ ஊரோ நுணுக்கமாக வரும் காதல் நாவல் பொருந்தும். உப்பளமோ தேயிலைத் தோட்டமோ அவரை உள்ளே இழுத்துக்கொள்ளும். முதல் புத்தகம் 250 பக்கத்துக்கு மேல் வேண்டாம், ஐந்து பாகத்தை எடுத்தவுடனே கையில் திணிக்கவேண்டாம். மூன்று நூல்களை மேசையில் வைத்து ஒன்றை அவரே எடுக்கவிடுங்கள். பத்து வைத்தால் எதையும் எடுக்காமல் போய்விடுவார்.

இரண்டு வாரம் கழித்து ‘பிடித்திருந்ததா?’ என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு ஆமாம் என்பார். ‘இப்போ எந்தப் பக்கத்தில் இருக்கீங்க?’ என்று கேளுங்கள். நாலு பேர் ஒரே பக்கத்தில் நின்றிருந்தால், உங்கள் அறிமுகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் பற்றி ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.