பிரஸ் ஸ்டார்ட் 2பி: பிக்சல் எழுத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி தன் கேம் போஸ்டரைக் காட்டினான். தலைப்பு 'பிரஸ் ஸ்டார்ட் 2பி' ஃபான்ட்டில், அளவு 20 பிக்சல். எழுத்தோரமெல்லாம் சாம்பல் படிந்திருந்தது. "அண்ணா, ஃபான்ட்டே இப்படித்தானா?" என்றான். நானும் ஒரு காலத்தில் கேட்ட கேள்விதான்.

எட்டின் மடங்கை விடுவது

1980களின் நாம்கோ நிறுவன ஆர்கேட் விளையாட்டு எழுத்தைப் பார்த்து வரைந்த ஃபான்ட் இது. ஒவ்வொரு எழுத்தும் 8-க்கு 8 கட்டத்தில் அடங்கும். அளவு 16 என்றால் ஒரு கட்டத்துக்குத் திரையில் 2 புள்ளி, 24 என்றால் 3. 20 வைத்தால் இரண்டரை. அரைப் புள்ளிக்குத் திரை எங்கே போகும்? சாம்பல் பூசி ஒப்பேற்றும்.

"பிக்சல் ஃபான்ட்தானே, குவாலிட்டி எதற்கு?"

இந்தப் பேச்சைக் கேட்டால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். ஏனென்றால் நானே சொல்லியிருக்கிறேன். கல்லூரி விழாவுக்கு 40 டி-ஷர்ட். எட்டின் மடங்கெல்லாம் பார்த்து 32-ல் வைத்து, சின்ன ஜேபெக் படமாகப் போனிலிருந்தே அனுப்பிவிட்டேன். அச்சகத்து அண்ணன் "கர்வ்ஸ் பண்ணின ஃபைல் இல்லையா?" என்று கேட்டார். எழுத்தைப் புள்ளிகளாக இல்லாமல் கோட்டு வடிவமாக மாற்றிய ஃபைல். இதற்கெதற்கு என்று சொல்லிவிட்டேன். அவர் படத்தை நெஞ்சளவுக்கு இழுத்தார்.

படத்தைச் சுருக்க ஜேபெக்கும் 8-க்கு 8 கட்டமாகத்தான் வெட்டும். அப்படிச் சுருக்கும்போது கூர்மையான ஓரங்களைச் சுற்றி அழுக்கு விடும். இழுத்தால் அந்த அழுக்கும் வளரும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் சாம்பல் கிடையாது. மை விழும், அல்லது விழாது. அதனால் சாம்பல் எல்லாம் பொடிப் புள்ளியாக உடைந்தது. கறுப்புத் துணி, வெள்ளை எழுத்து, சுற்றிலும் பொடுகு உதிர்ந்த மாதிரி. காசு என் கையிலிருந்து போனது.

வளைந்த எழுத்தில் கொஞ்சம் மங்கல் தெரியாமல் போகலாம். சதுரத்தில் ஒளிய இடமில்லை. இத்தனைக்கும் இந்த ஃபான்ட் ஃபைலுக்குள் இருப்பது கோடுகள்தான். கர்வ்ஸ் ஆக்கி பிடிஎஃப் கொடுத்திருந்தால் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் ஓரம் வெட்டினாற்போல் நின்றிருக்கும். படமாகத்தான் தர வேண்டுமென்றால் பிஎன்ஜி. பெரிதாக்கும்போது 2, 3 என்று முழு மடங்கு, புள்ளிகளைக் குழைக்காமல் அப்படியே பெருக்கும் 'நியரஸ்ட் நெய்பர்' முறை. வேறு எதையும் தொடாதீர்கள்.

போல்ட்

இந்த ஃபான்ட்டில் கிடையாது. ஆனால் வலைப்பக்கத் தலைப்பு தானாகவே போல்ட் கேட்கும், பிரவுசரும் போலியாகத் தடித்துக் காட்டும். சிஎஸ்எஸ்-ஸில் எழுத்தின் எடையை (font-weight) 400, அதாவது சாதாரணம், என்று எழுதிவிடுங்கள்.

பத்தி முழுக்க வைப்பது

வேண்டாம். ஸ்கோர், பட்டன், தலைப்பு, அவ்வளவுதான். நீளமாக எழுத விடி323 என்ற ஃபான்ட் இருக்கிறது. டெக் (DEC) என்ற கணினி நிறுவனத்தின் பழைய டெர்மினல் திரை எழுத்து. அதற்கு 16-ன் மடங்கு.

தமிழில் தட்டிப் பார்ப்பது

லத்தீன், கிரேக்கம், சிரிலிக் உண்டு, தமிழ் இல்லை. தட்டினால் வேறு ஏதோ ஃபான்ட் வந்து நடுவில் உட்காரும். ஏன் இல்லை என்று கோபப்படுமுன் கட்டம் போட்ட தாளில் 8 கட்டத்துக்குள் ஒரு 'ணை' வரைந்து பாருங்கள். நான் 'ஸ்ரீ'யை முயன்றேன். 16 கட்டம் கொடுத்தும் அது நண்டு மாதிரிதான் வந்தது.