லினக்ஸ் சர்வரில் எல்லாச் செயலிகளையும் முறையாக வேலை வாங்குவது எப்படி

ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளைக் கையாளும் திறன் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு 1996-இல் வெளியான 2.0 பதிப்பில் வந்தது. அப்போது கெர்னலுக்குள் ஒரு நேரத்தில் ஒரு செயலி மட்டுமே நுழைய விடும் ஒற்றைப் பெரும்பூட்டு இருந்தது. அது படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 2011-இல் வந்த 2.6.39 பதிப்பில் முற்றிலும் நீக்கப்பட்டது. இன்று நிறுவப்படும் எந்த லினக்ஸ் சர்வரும் தன்னிடம் உள்ள செயலிகளைத் தானே கண்டறிந்து இயக்கிவிடுகிறது. ஆகவே நிர்வாகிக்கு மிஞ்சியிருக்கும் பொறுப்பு, வேலை அந்தச் செயலிகளுக்கிடையே உண்மையில் பங்கிடப்படுகிறதா என்று பார்ப்பதுதான். சர்வர் என்றால் அந்த வேலையில் பெரும்பகுதி நெட்வொர்க் வழியாகவே வருகிறது. பங்கீடு பெரும்பாலும் அங்கேதான் தவறுகிறது.

முதலில் எண்ணிக்கையைச் சரிபார்க்க வேண்டும். எல்எஸ்சிபியு கட்டளையை இட்டால், சாக்கெட் (செயலிச் சில்லு பொருந்தும் இடம்) எத்தனை, சாக்கெட்டுக்குக் கோர் (சில்லுக்குள் உள்ள செயலகம்) எத்தனை, கோருக்கு த்ரெட் (ஒரு கோர் ஒரே நேரத்தில் ஓட்டும் வேலைத்தொடர்) எத்தனை என்பவை தனித்தனி வரிகளில் வரும். 2 சாக்கெட், ஒவ்வொன்றிலும் 8 கோர், கோருக்கு 2 த்ரெட் என்றால் கெர்னல் ஒவ்வொரு த்ரெடையும் ஒரு சிபியுவாகக் கொண்டு 32 சிபியு என்று கணக்கிடும். ஆனால் இரண்டிரண்டு த்ரெட்கள் ஒரே கோரைப் பகிர்ந்துகொள்வதால், 16 கோர்கள் செய்யும் வேலையைப் போல இருமடங்கை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. என்பிராக் கட்டளை தரும் எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வருவதும் சரியல்ல. அது தனக்கு அனுமதிக்கப்பட்ட சிபியுக்களை மட்டுமே எண்ணுவதால், வரம்பிடப்பட்ட ஷெல்லில் குறைவாகவே காட்டும்.

எண்ணிக்கை குறைந்தால் தேட வேண்டிய இடங்கள் மூன்று. பயாஸ் அமைப்பில் சில கோர்களோ, ஒரு கோரில் இரண்டு த்ரெட்களை ஓட்டும் ஹைப்பர்த்ரெடிங் வசதியோ அணைக்கப்பட்டிருக்கலாம். கெர்னலின் நிலையைக் காட்டும் பிராக் கோப்பகத்தின் சிஎம்டிலைன் கோப்பில் மேக்ஸ்சிபியுஸ் அல்லது நோஎஸ்எம்பி என்ற சொல் இருந்தால், முன்பு யாரோ சோதனைக்காக இட்ட கட்டுப்பாடு அப்படியே தங்கிவிட்டது என்று பொருள். அதை, கெர்னலை ஏற்றும் க்ரப் நிரலின் அமைப்பிலிருந்து நீக்கிவிட்டு ரீபூட் செய்ய வேண்டும். மூன்றாவதாக, சிஸ் கோப்பகத்தில் ஒவ்வொரு சிபியுவுக்கும் உள்ள ஆன்லைன் கோப்பில் 0 என்று இருந்தால், ரூட் பயனராக அங்கே 1 என்று எழுதினால் போதும். ரீபூட் இல்லாமலேயே அந்த சிபியு வேலைக்கு வந்துவிடும்.

எண்ணிக்கை சரி என்றால், அடுத்து அளக்க வேண்டும்; இந்தப் படியைத் தாண்டிச் செல்வோரே அதிகம் என்பதால் இங்கே சற்று நின்று சொல்கிறேன். 16 சிபியு உள்ள சர்வரில் ஒன்று மட்டும் நூறு சதவீதம் திணறிக்கொண்டிருக்க மற்ற 15-உம் சும்மா இருந்தால், மொத்தச் சராசரி 6.25 சதவீதம் என்றே காட்டும். கண்காணிப்புத் திரையில் சர்வர் ஓய்வாக இருப்பது போலத் தோன்றும். பயனர்களோ தாமதம் தாமதம் என்று புகார் சொல்வார்கள். ஆகவே சராசரியைப் பார்க்காமல், டாப் திரையில் 1 என்ற விசையை அழுத்தியோ, எம்பிஸ்டாட் கட்டளையை எல்லா சிபியுவையும் காட்டும்படி இட்டோ, ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு சிபியுவில் மட்டும் சாஃப்ட் என்ற பத்தி நூறை நெருங்கினால், நெட்வொர்க்கில் வந்து குவியும் தரவுத் துண்டுகளான பாக்கெட்களை அது தனியாளாகச் சுமக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

இதை உறுதிசெய்யப் பிராக் கோப்பகத்தின் இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறக்க வேண்டும். அதில் ஒவ்வொரு வரியும் ஓர் இன்டரப்ட் (சாதனம் சிபியுவின் கவனத்தைக் கேட்டு அனுப்பும் குறிப்பு), ஒவ்வொரு பத்தியும் ஒரு சிபியு. வரியின் வலது கோடியில் சாதனத்தின் பெயர் இருக்கும். வாட்ச் கட்டளையின் வழியாக நொடிக்கு ஒருமுறை இதைக் காட்டச் செய்து, நெட்வொர்க் கார்டின் வரிகளை மட்டும் கவனித்தால், சிபியு 0-வின் பத்தியில் எண்கள் ஓடிக்கொண்டிருக்க, மற்றப் பத்திகள் அசையாமல் நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தக் கார்டுக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறதா, பல வரிகள் இருந்தும் எல்லாம் ஒரே பத்தியில் விழுகின்றனவா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் இரண்டுக்கும் தீர்வு வேறு.

பல வரிகள் இருந்தும் ஒரே சிபியுவில் விழுந்தால், இன்டரப்ட்களைத் தானே பிரித்துத் தரும் ஐஆர்க்யூபேலன்ஸ் சேவை இயங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலான சர்வர்களுக்கு அது ஒன்றே போதும் என்பது என் கருத்து. கையால்தான் பிரிக்க வேண்டும் என்றால் அந்தச் சேவையை முதலில் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் நாம் எழுதுவதை அது சிறிது நேரத்தில் மாற்றிவிடும். பிறகு பிராக் கோப்பகத்தின் ஐஆர்க்யூ உட்கோப்பகத்தில், அந்த இன்டரப்டின் எண்ணுக்குரிய இடத்தில் உள்ள எஸ்எம்பி_அஃபினிட்டி_லிஸ்ட் கோப்பில் சிபியுவின் எண்ணை எழுத வேண்டும்: 45-ஆம் இன்டரப்டை நான்காவது சிபியுவுக்கு அனுப்ப 3 என்று எழுதுவோம், எண்ணுதல் 0-வில் தொடங்குவதால். எழுதும்போது பிழைச்செய்தி வந்தால், அந்த இன்டரப்டைக் கெர்னலே நிர்வகிக்கிறது என்று கொள்ளலாம். என்விஎம்இ எனும் அதிவேக வட்டுகளின் வரிசைகளில் இது வழக்கம், அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

கார்டுக்கு ஒரே வரிதான் என்றால், ஈத்டூல் கட்டளையைச் சிறிய எல் எழுத்துடன் இட்டு, கார்டு எத்தனை வரிசைகளை (பாக்கெட்கள் காத்திருக்கும் தனித்தனித் தடங்களை) தாங்கும் என்று பார்த்து, பெரிய எல் எழுத்துடன் அந்த எண்ணிக்கையை உயர்த்தலாம். அப்படி மாற்றும்போது இணைப்பு ஒரு கணம் அறுபடக்கூடும் என்பதால், பயனர் குறைவாக உள்ள நேரமே ஏற்றது. கார்டில் ஒரே வரிசைதான் உண்டு என்றால், அதன் ஆர்பிஎஸ்_சிபியுஸ் கோப்பில் சிபியுக்களைக் குறிப்பிட்டு, பாக்கெட் பிரிக்கும் வேலையைக் கெர்னலிடமே ஒப்படைக்கலாம். தொடக்கத்தில் அங்கே இருக்கும் 0, அந்த வசதி அணைந்திருப்பதைக் குறிக்கும்.

இரண்டு சாக்கெட் சர்வரில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் அருகில் அதற்கே உரிய நினைவகம் இருப்பதால், அடுத்த சாக்கெட்டின் நினைவகத்தைத் தொடுவதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். நூமாசிடிஎல் கட்டளையை ஹார்ட்வேர் விருப்பத்துடன் இட்டால் வரும் அட்டவணையில் 10 என்பது அருகிலுள்ள நினைவகம். அதைவிடப் பெரிய எண் தொலைவைக் காட்டும். நெட்வொர்க் கார்டு எந்த நோடில் (ஒரு சாக்கெட்டும் அதன் நினைவகமும் சேர்ந்த பகுதியில்) பொருந்தியிருக்கிறது என்று நூமா_நோட் கோப்பில் பார்த்து, அதன் இன்டரப்ட்களையும் அதை அதிகம் பயன்படுத்தும் நிரலையும் அதே நோடில் வைப்பது பலன் தரும். நினைவகத்தை ஒரே நோடோடு கட்டாயமாகக் கட்டும் மெம்பைண்ட் விருப்பத்தை மட்டும் நான் தவிர்ப்பேன். அந்த நோடு நிறைந்துவிட்டால், பக்கத்தில் இடம் இருந்தும் நிரல் கொல்லப்படலாம். ப்ரிஃபர்டு விருப்பம் பாதுகாப்பானது.

நிரல்களை டாஸ்க்செட் கட்டளையால் குறிப்பிட்ட சிபியுக்களில் கட்டிப்போடலாம். ஆனால் கெர்னலின் பங்கீட்டாளர் இந்த வேலையை நன்றாகவே செய்வதால், அளவீடு காட்டிய காரணம் இல்லாமல் அதில் கைவைக்க வேண்டியதில்லை. நிரலின் அமைப்பைப் பார்ப்பதே அதிகம் உதவும்: என்ஜின்எக்ஸ் போன்ற வலைச் சர்வர் நிரல்களில் வொர்க்கர் எண்ணிக்கை 1 என்று விடப்பட்டிருந்தால், எத்தனை சிபியு இருந்தும் பயனில்லை, அதை ஆட்டோ என்று மாற்ற வேண்டும். அப்படியும் ஓர் எல்லை உண்டு. 1967-இல் கணினி வடிவமைப்பாளர் ஆம்டால் காட்டிய கணக்குப்படி, வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க முடியாததாக இருந்தால், 16 செயலிகள் தரும் வேகம் 6.4 மடங்குதான், எத்தனை செயலிகளைச் சேர்த்தாலும் 10 மடங்கைத் தாண்டாது.

பிராக், சிஸ் கோப்பகங்களில் எழுதியவை எல்லாம் ரீபூட்டில் அழிந்துவிடும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, எம்பிஸ்டாட் மூலம் மறுபடி அளந்து, பலன் தெரிந்தவற்றை மட்டும், சர்வர் தொடங்கும்போதே இயங்கும் ஒரு சிஸ்டம்டி சேவையாக எழுதிவைக்க வேண்டும். அதன்பின் சர்வரை ஒருமுறை ரீபூட் செய்து, இன்டரப்ட்ஸ் கோப்பின் பத்திகளில் எண்கள் பரவலாக ஏறுகின்றனவா என்று பார்த்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.