புரொப்பேன் சிலிண்டர் மூடியில் கதவு வெட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காருக்குப் பின்னால் இழுத்துச்செல்லும் வீட்டு வண்டியான டிராவல் டிரெய்லரின் முன்சட்டத்தில் இரண்டு சிலிண்டர்களையும் சேர்த்து மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியை, வால்வைத் திருகவேண்டிய ஒவ்வொரு முறையும் கழற்றுவது எரிச்சலான வேலை. அதில் ஒரு சிறு கதவு வெட்டிக்கொள்வது நல்ல யோசனைதான். ஆனால் மூடி அங்கே இருப்பது அழகுக்காக அல்ல. ரெகுலேட்டரையும் குழாய்களையும் கல், மழை, வெயிலிலிருந்து அது காக்கிறது. வாயு கசிந்தால் அடிவழியாக வெளியேறவும் இடம் விடுகிறது.

பலரும் சறுக்குவது இந்த அடிப்பக்கத்தில்தான். தூசியும் குளவியும் வரக்கூடாதென்று, கதவு வெட்டிய கையோடு கீழ் விளிம்பு இடைவெளியை ஃபோமோ பலகையோ வைத்து அடைத்துவிடுகிறார்கள். புரொப்பேன் காற்றைவிடச் சுமார் 1.5 மடங்கு கனமானது. கசிந்தால் தரையை நோக்கித்தான் இறங்கும். அடி அடைபட்டிருந்தால் மூடிக்குள்ளேயே தேங்கும். பிறகு ஒரு சிறு பொறி போதும். கதவின் ஓரத்துக்கு ரப்பர் பட்டை ஒட்டலாம், அடியில் மட்டும் கைவைக்காதீர்கள். இதே காரணத்தால் மூடிக்குள் விளக்கு, மின்பூட்டு எதுவும் வேண்டாம்.

அடுத்தது, எதற்காக வெட்டுகிறோம் என்று தீர்மானிக்காமல் வெட்டுவது. வால்வைத் திறந்து மூடவும், ஒரு சிலிண்டரிலிருந்து மற்றதற்கு மாற்றும் ரெகுலேட்டர் கைப்பிடியைத் திருப்பவும் கை நுழைந்தால் போதும். சிலிண்டரையே வெளியே எடுக்கும் அளவுக்கு வெட்டினால் மூடி தன் விறைப்பை இழந்து, ஓடும்போது படபடக்கும். வாயு நிரப்ப எடுத்துப்போகும்போது மூடியைக் கழற்றிக்கொள்ளலாம்.

மூடியின் நடுவில் இருக்கும், கையால் திருகும் விங் நட்டையும் கவனியுங்கள். சில அமைப்புகளில் மூடியையும் சிலிண்டர்களையும் இறுக்கிப் பிடிப்பது அதே மரைக் கம்பிதான். அந்த நட்டை எடுத்துவிட்டு மூடிக்கு மட்டும் எலாஸ்டிக் கயிறு கட்டினால், சிலிண்டர்களைப் பிடிக்க ஒன்றும் இருக்காது. ஒரு 20 பவுண்டு சிலிண்டரில் வாயு மட்டுமே 9 கிலோ. இரும்பின் எடை தனி. எனவே கம்பியைச் சுற்றி 50 மி.மீ. அளவுக்காவது பிளாஸ்டிக்கை வெட்டாமல் விடுங்கள்.

வெட்டுவதற்கு மூடியைக் கழற்றி, சிலிண்டர்களிடமிருந்து தள்ளி எடுத்துப்போங்கள். கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, நான்கு மூலைகளிலும் 12 மி.மீ. துளை போட்டபின் ஜிக்சா ரம்பத்தை மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி, வெட்டின இடமே பின்னால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். துளை போடாமல் கூராக விட்ட மூலையில்தான் அதிர்வால் முதல் விரிசல் கிளம்பும்.

கீலைப் பசையால் ஒட்ட முயலவேண்டாம். மூடி பாலிஎதிலீனாக இருந்தால் பசை பிடிக்காது. துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட்டுக்கு, உட்பக்கம் அகலமான வாஷர் வைத்து இறுக்குங்கள். வாஷர் இல்லாத ரிவெட் பிளாஸ்டிக்கைப் பிளந்துவிடும். வெயிலில் பிளாஸ்டிக் விரியும் என்பதால் துளை போல்ட்டைவிடச் சற்றே பெரிதாக இருக்கட்டும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் முனை, சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயில் உரசி, நாளடைவில் அதை அறுத்துவிடும். முனை மூடிய நட்டையே போடுங்கள்.

கீல் முன்பக்கம், அதாவது இழுக்கும் வண்டியின் பக்கம் இருக்கட்டும். பின்பக்கம் வைத்தால் ஓடும்போது எதிர்க்காற்று கதவைத் தூக்கிவிடும். முன்பக்கக் கீலில் உள்ள சிக்கல், டிரெய்லரின் முன்முனையைத் தூக்கி நிறுத்தும் ஜாக்தான். கதவு முழுதாகத் திறக்கும்போது அதில் இடிக்குமா என்று அட்டை வைத்து முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

கைக்கு எட்டவேண்டும் என்று ரெகுலேட்டரைத் திருப்பி மாட்டுவதும் தவறு. அதன் காற்றுத் துளை கீழ்நோக்கி இருக்கவேண்டும். பக்கவாட்டில் திரும்பினால் நீர் புகும், குளிரில் அது உறைந்தால் அழுத்தம் கட்டுப்பாட்டில் நிற்காது.

எல்லாம் பொருத்தியபின் வால்வை மெதுவாகத் திறங்கள். சடாரென்று திறந்தால் வாயு அளவுக்கு மீறிப் பாய்ந்தால் தடுக்க இணைப்பிலுள்ள ஓட்டத்தடை வேலைசெய்து வாயு வரத்தைக் குறைத்துவிடும். வால்வை மூடிவிட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி திறக்கவேண்டிவரும். திறந்ததும் இணைப்புகள் ஒவ்வொன்றிலும் சோப்பு நீர் தடவுங்கள். எங்காவது குமிழி வந்தால் உடனே வால்வை மூடி, சரிசெய்தபின் மறுபடி சோதியுங்கள்.