ஜிஐ பைப்போடு சிபிவிசி சேர்ந்த கதை

மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பழைய அரை அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பும் புது சிபிவிசி (பிளாஸ்டிக்) லைனும் சேரும் இடத்தில் ஓயாமல் சொட்டிக்கொண்டிருந்தது. முன்பு வேலை பார்த்தவர் முழு பிளாஸ்டிக் சாக்கெட்டை இரும்பு மரையில் முறுக்கிவிட்டுப் போயிருந்தார். கழற்றிப் பார்த்தால் அதன் வாயோரம் மயிரிழை விரிசல். ஜிஐ மரை நுனியில் சிறுத்து, உள்ளே போகப் போகப் பருக்கும். இறுக்க இறுக்க, ஆப்பு அடித்தமாதிரி பிளாஸ்டிக்கைப் பிளந்துவிடும். இது தெரியாமல் நானும் இரண்டு முறை டேப்பைக் கூடச் சுற்றி இறுக்கினேன், விரிசல்தான் நீண்டது.

சரி என்று, உள்ளே பித்தளை மரை வைத்த எஃப்டிஏ என்ற இணைப்பான் வாங்கினேன். விலை கொஞ்சம் கூடத்தான். கம்பி பிரஷ்ஷால் பழைய மரையின் துருவைத் தேய்த்தெடுத்து, மரை ஏறும் பக்கமாகவே டெஃப்லான் டேப்பைப் பன்னிரண்டு சுற்று சுற்றினேன். மாற்றிச் சுற்றினால் முறுக்கும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். ஒரு பைப் ரெஞ்சால் ஜிஐயை அசையாமல் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் இறுக்கினேன். அது முக்கியம், பைப் சுழன்றால் சுவருக்குள் இருக்கும் துருப்பிடித்த இணைப்பு போய்விடும், அப்புறம் டைல்ஸை உடைக்க வேண்டியதுதான். அதன் பிறகே சிபிவிசி பைப்பை அதற்கான பசையான சால்வென்ட் சிமென்ட் பூசிச் சொருகினேன்.

ராத்திரி முழுக்கக் காயவிட்டுக் காலையில் வால்வைத் திறந்தேன். அடியில் விரித்திருந்த செய்தித்தாள் நனையவில்லை. மேலே பைப் வளையும் எல்போவில்தான் இப்போது லேசாக ஈரம் தெரிகிறது. அதற்கு இந்த ஞாயிறு.