மதிய உணவு வரிசையிலிருந்து தொடங்குங்கள்: வளரிளம் மாணவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் முறை

மூணாறு, தேவிகுளம் மலைப்பகுதியில் தமிழ்வழிப் பிரிவும் மலையாளவழிப் பிரிவும் ஒரே வளாகத்தில் இயங்கும் பள்ளிகள் உண்டு. அத்தகைய பள்ளியில் விழுமியங்களைப் பேச விரும்பும் ஆசிரியர், நேர்மை, சமத்துவம் என்று கரும்பலகையில் எழுதிப் போடுவதைவிட, இரு பிரிவுக்கும் பொதுவான ஒரு சிக்கலை மாணவரிடமே ஒப்படைப்பது நல்லது. மதிய உணவு வரிசை அதற்கு மிகவும் ஏற்றது.

உணவு எட்டாம் வகுப்பு வரைதான் என்பதால் ஒன்பதாம் வகுப்பினருக்கு அந்த வரிசையில் சொந்த ஆதாயம் இல்லை. ஆகவே இரு பிரிவின் ஒன்பதாம் வகுப்பிலிருந்தும் மும்மூன்று பேரைச் சேர்த்துக் குழு அமையுங்கள். முதல் மூன்று நாள் அவர்கள் எதையும் மாற்றாமல், யார் முந்துகிறார்கள், யார் முறை வரும்போது கறி தீர்கிறது, மழையில் தாழ்வாரத்துக்கு வெளியே நிற்பது யார் என்று நோட்டில் குறிக்கட்டும். நான்காம் நாள் விதியை அவர்களே எழுதட்டும்.

எங்கள் குழு ‘சின்னப் பிள்ளைகள் முதலில்’ என்று எழுதியது. மறுநாளே ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், “அம்மா விடியறதுக்குள்ள கொழுந்தெடுக்கப் போயிடுவாங்க சார், நான் காலையில சாப்பிடலை” என்றான். பசித்தவனை முன்னால் விடலாம் என்றார்கள் சிலர். பசி என்று எல்லோர் முன்னும் சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருக்காதா என்று ஒரு மாணவி கேட்டாள். அரை மணி நேர வாதத்துக்குப் பின், காரணம் கேட்காத இரண்டாம் வரிசை ஒன்று உருவானது. முதல் வாரத்தில் வேண்டுமென்றே சிலர் அதில் நுழைந்தார்கள். அதற்காக வரிசையைக் கலைக்கக் குழு மறுத்துவிட்டது. அந்த அரை மணி நேரமும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததுதான் எனக்குக் கடினமான வேலை.

குழுத் தலைவரை ஆசிரியர் நியமிக்க வேண்டாம். ஒரு வருடம் மதிப்பெண்ணைப் பார்த்து நானே ஒரு மாணவியைத் தலைவியாக்கினேன். பேசுகிறவர் பெயரைப் பலகையில் எழுதும் காவலராகவே அவள் வருடத்தைக் கழித்தாள். பிழை என்னுடையது. ரகசிய வாக்கெடுப்பு வைத்து, ஆறு வாரத்துக்கு ஒருமுறை தலைமையை மாற்றுங்கள். கூட்டக்குறிப்பு இரு மொழியிலும் இருக்க வேண்டும். மற்றவர் சொன்னதைத் திரிக்காமல் மொழிபெயர்த்துச் சொல்பவரும் தலைமைப் பணிதான் செய்கிறார்.

இதன்பின் மாணவரை வீட்டுப் பெரியவர்களிடம் கேள்விகளோடு அனுப்புங்கள். 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைந்தபோது, தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டு மூணாறு சாலையில் அமர்ந்த தோட்டப் பெண்களில் பலர் இப்பிள்ளைகளின் தாய்மாரும் பாட்டிமாரும். முதலில் பேசியது யார், கருத்து வேறுபட்டபோது எப்படி முடிவெடுத்தார்கள், வீட்டில் சமைத்தது யார் என்ற மூன்று கேள்விகள் போதும். சங்கத்தின் பக்கம் நின்ற குடும்பங்களும் உண்டு. அவர்களுடைய பதிலும் அதே நோட்டில், அதே அளவு இடத்தில் பதிவாகட்டும்.